அலைவடிவக் கோப்பும் அதைத் திறக்கும் செருகுநிரலும்

மின்சைகைகளைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) ஓர் அலைவடிவத்தைப் பதிவு செய்து சேமிக்கப் போனால், எந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும் என்று கருவி கேட்கிறது. இன்வெர்ட்டர்களைச் சோதிக்கும் எங்கள் கூடத்தில் புதிதாகச் சேருகிற பொறியாளர்களில் அநேகமாக எல்லோரும், எண்களைக் காற்புள்ளியால் பிரித்து வரிவரியாக எழுதும் சிஎஸ்வி என்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். சிஎஸ்வி எக்செலிலும் திறக்கும், நோட்பேடிலும் திறக்கும், எண்களைக் கண்ணால் பார்த்துவிடலாம். கருவியின் சொந்த இருமக் கோப்பை அப்படித் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். ஆனாலும் நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, கருவியின் சொந்தக் கோப்பையே சேமியுங்கள், அதை வாசித்துப் பகுப்பாய்வு மென்பொருளுக்குத் தரும் வேலையைச் செருகுநிரல் என்ற சிறு நிரலிடம் விடுங்கள் என்பதுதான். அந்தச் செருகுநிரலும், சைகையை அலைக்காட்டிக்குக் கொண்டுவரும் ப்ரோபைப் போல, மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் மின்தடையைப் போல, அளவீட்டுச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். அதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பது நாங்கள் அளக்கும் பொருளைச் சொன்னால் விளங்கும். இன்வெர்ட்டரில் மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் ஒன்றை, இரண்டு துடிப்புகள் கொடுத்துப் பார்க்கும் இரட்டைத் துடிப்புச் சோதனையில் 800 வோல்ட்டில், 50 ஆம்பியரில் இயக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது என்பதை அறிய, மின்னழுத்த அலைவடிவத்தையும் மின்னோட்ட அலைவடிவத்தையும் புள்ளிக்குப் புள்ளி பெருக்கித் தொகையிட வேண்டும். சில பத்து நானோ விநாடிகளில் முடிந்துவிடுகிற நிகழ்வு அது. மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்கும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ முழுதாக இருக்கையிலேயே மின்னோட்டம் ஏறுகிறது. ஆகையால் இவ்விரண்டையும் பதிவு செய்யும் இரண்டு சேனல்களுக்கும் இடையே நேரம் ஒரே ஒரு நானோ விநாடி பிசகினாலும், கணக்கில் ஏறத்தாழ 800 பெருக்கல் 50 பெருக்கல் ஒரு நானோ விநாடி, அதாவது 40 மைக்ரோ ஜூல் கூடவோ குறையவோ வந்துவிடும். மொத்த விடையே சில நூறு மைக்ரோ ஜூல்தான் என்னும்போது இது சிறிய பிழையன்று. ப்ரோபுகளின் தாமத வேறுபாட்டைச் சரிசெய்ய நாங்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தை எல்லாம், கோப்பைத் திறக்கிற இடத்தில் கவனம் தவறினால் வீணாகிவிடும்.

சிஎஸ்வியில் எது தொலைகிறது என்பதைப் பார்ப்போம். கோப்பின் பருமன் பெரிய பிரச்சினையே அல்ல. 1 கோடி மாதிரிகள் கொண்ட ஒரு பதிவு, ஒரு மாதிரிக்கு ஒரு பைட் வீதம், இருமக் கோப்பாக 10 மெகாபைட் இருக்கும். அதுவே நேரமும் மதிப்பும் கொண்ட வரிகளாக எழுதப்பட்டால் 250 மெகாபைட்டைத் தாண்டும். வட்டில் இடம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான இழப்பு நேரப் பத்தியில் நிகழ்கிறது. கட்டுப்பாட்டு அட்டையிலிருந்து வரும் ஒரு சைகையை, நேரத்தின் பூஜ்யப் புள்ளியைக் குறிக்கும் ட்ரிகராக வைத்து, அதற்கு 10 மில்லி விநாடி கழித்து நடக்கும் நிகழ்வை விநாடிக்கு 100 கோடி மாதிரிகள் வீதம் பதிவு செய்கிறோம் என்று கொள்வோம். மாதிரிகளின் இடைவெளி ஒரு நானோ விநாடி. கருவி நேரத்தை ஏழு இலக்கங்களில் எழுதுமானால், 10 மில்லி விநாடிக்கு அருகில் அந்தக் கடைசி இலக்கத்தின் மதிப்பு 10 நானோ விநாடியாக இருக்கும். அதாவது அடுத்தடுத்த பத்து வரிகளில் ஒரே நேரம் எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட ஒரு கோப்பிலிருந்து மின்னோட்டத்தின் ஏறுவேகத்தைக் கணக்கிட்டபோது, பூஜ்யத்தால் வகுத்த பிழை வரிவரியாக வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பிழையாவது கண்ணுக்குத் தெரிந்தது. தொகையிடும் கணக்கில் அதே குறை சத்தமில்லாமல் விடைக்குள் போய்விடும்.

மின்னழுத்தப் பத்தியிலும் ஓர் இழப்பு உண்டு. அலைக்காட்டியின் உள்ளே சைகையை எண்ணாக்கும் மாற்றி எட்டு பிட் என்றால் 256 படிகள், பன்னிரண்டு பிட் என்றால் 4096 படிகள். உண்மையில் அளக்கப்பட்டவை அந்த முழு எண்கள் மட்டுமே. வோல்ட் என்பது அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. இருமக் கோப்பு அந்த முழு எண்களை அப்படியே வைத்திருக்கிறது. இதனால் கிடைக்கும் நன்மை சிறியதன்று. எட்டு பிட் பதிவில் மூல எண்கள் 127-இலோ, கழித்தல் 128-இலோ வந்து குவிந்திருந்தால், சைகை திரையின் எல்லையைத் தாண்டி வெட்டுப்பட்டிருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும். சிஎஸ்வியிலோ 862.5 என்ற மதிப்பு வரிசையாக வருவதைத்தான் பார்ப்போம்; அது மாஸ்ஃபெட்டின் குணமா, கருவியின் எல்லையா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாஸ்ஃபெட் மூடும்போது, அதாவது கடத்துவதை நிறுத்தும்போது, எழும் மின்னழுத்த மிகையின் உச்சத்தை வைத்துத்தான் பாகத்தின் பாதுகாப்பு எல்லையைத் தீர்மானிக்கிறோம். அந்த உச்சம் வெட்டுப்பட்டதா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத கோப்பை நான் அளவீட்டுப் பதிவாக ஏற்பதில்லை.

இனி இருமக் கோப்பின் உள்ளே போகலாம். எனக்கு நன்கு பழக்கமானது லெக்ராய் அலைக்காட்டிகளின் டிஆர்சி கோப்பு. அந்த நிறுவனம் 2012-இல் டெலிடைனுடன் இணைந்த பிறகும் இந்த வடிவம் தொடர்கிறது. கோப்பின் முதல் எழுத்து # என்ற குறி, அடுத்து 9, அதையடுத்து ஒன்பது இலக்கங்களில் பின்வரும் பைட்டுகளின் எண்ணிக்கை. ஆய்வுக் கருவிகள் கணினியோடு பேசும் முறையை வகுத்த ஐஇஇஇ 488.2 என்ற தரம் தரவுத் தொகுதிகளுக்குச் சொன்ன முறை இது. இந்தப் பதினொரு எழுத்துகளுக்குப் பிறகு 'வேவ்டெஸ்க்' என்ற சொல்லோடு தலைப்பகுதி தொடங்குகிறது. அதன் நீளம் 346 பைட். கருவியின் பெயர், மாதிரிகளின் எண்ணிக்கை, செங்குத்துப் பெருக்கம் (மூல எண்ணின் ஒரு படிக்கு எத்தனை வோல்ட் என்பது), செங்குத்து விலக்கம் (அலையை மேலோ கீழோ தள்ளிய அளவு), மாதிரி இடைவெளி, ட்ரிகருக்கும் முதல் மாதிரிக்கும் இடையிலான நேரம், அலகு, ட்ரிகர் நிகழ்ந்த நாளும் மணியும் விநாடியின் பின்னமும் என எல்லாம் அதற்குள் குறிப்பிட்ட இடங்களில் இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு பைட் எண்ணில் பெரிய பைட் முதலில் வருகிறதா, சிறிய பைட் முதலில் வருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தலைப்பகுதியின் எந்த எண்ணையும் வாசிக்க முடியாது. ஆனால் அந்தத் தகவலே தலைப்பகுதியின் 34-ஆவது இடத்தில் இரண்டு பைட் எண்ணாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு அதை எப்படி வாசிப்பது? வடிவமைத்தவர்கள் பெரிய பைட் முதலில் என்பதற்கு 0 என்றும், சிறிய பைட் முதலில் என்பதற்கு 1 என்றும் வைத்தார்கள். 0 என்பதை எந்த வரிசையில் வாசித்தாலும் 0-தான். 1 என்பது சிறிய பைட் முதலாக எழுதப்பட்டிருக்கும். தவறான வரிசையில் வாசித்தால் 256 என்று வரும், ஆனால் 0 என்று ஒருபோதும் வராது. எனவே பூஜ்யமா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும். இப்படி யோசித்து ஒரு கோப்பு வடிவத்தை அமைத்தவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

தரவு எங்கே தொடங்குகிறது என்பதில் அவசரக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். 11-உம் 346-உம் சேர்த்து 357, அங்கிருந்து வாசித்துவிடலாம் என்று எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். எளிய பதிவுகளில் அது வேலை செய்யும். பயனர் குறிப்பு சேர்த்துச் சேமித்தாலோ, நினைவகத்தைத் துண்டுகளாகப் பிரித்துப் பல ட்ரிகர்களை ஒரே கோப்பில் பதிவு செய்தாலோ, தலைப்பகுதிக்கும் தரவுக்கும் நடுவே வேறு தொகுதிகள் வந்து அமர்ந்துகொள்ளும். ஒவ்வொரு தொகுதியின் நீளமும் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை வாசித்துக் கூட்டிக்கொள்வதுதான் முறை. மனப்பாடமாக ஓர் எண்ணை எழுதுவது முறையன்று. முன்னால் இருக்கும் பதினொரு எழுத்துகளைக்கூட எண்ணி நம்பாமல், 'வேவ்டெஸ்க்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து அங்கிருந்து அளந்துகொள்வது நல்லது.

அடுத்தது அளவு மாற்றம். லெக்ராய் கோப்பில் வோல்ட் என்பது, மூல எண்ணைப் பெருக்கத்தால் பெருக்கி, அதிலிருந்து விலக்கத்தைக் கழித்துப் பெறுவது. மற்றோர் அலைக்காட்டி நிறுவனமான டெக்ட்ரானிக்ஸின் ஐஎஸ்எஃப் கோப்பில் வேறு முறை: மூல எண்ணிலிருந்து முதலில் விலக்கத்தைக் கழித்து, அதன் பிறகு பெருக்கி, கடைசியில் ஒரு பூஜ்ய மதிப்பைக் கூட்ட வேண்டும். முதலாவதில் விலக்கம் வோல்ட்டில் இருக்கிறது, இரண்டாவதில் மூல எண்ணின் படிகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டவர்களுக்கும், கழித்தலுக்குப் பதிலாகக் கூட்டல் எழுதியவர்களுக்கும், அலைக்காட்டியில் விலக்கத்தைப் பூஜ்யத்தில் வைத்து எடுத்த பதிவுகள் எல்லாம் மிகச் சரியாகவே திறக்கும். யாரோ ஒருவர் ஒரு நாள் அலையைத் திரையின் கீழ்ப்பக்கம் தள்ளி வைத்துப் பதிவு செய்யும்போதுதான் விடை தவறும். அதற்குள் அந்தச் செருகுநிரல் பல மாதம் சரியாக வேலை செய்த நற்பெயரைச் சம்பாதித்திருக்கும். ஆகவே சந்தேகம் செருகுநிரலின் மேல் விழாமல் ப்ரோபின் மேல் விழும்.

நேரத்தின் கணக்கும் கவனிக்க வேண்டியது. டிஆர்சி தலைப்பகுதியில் மாதிரி இடைவெளி நான்கு பைட் தசம எண்ணாகவும், தொடக்க நேரம் எட்டு பைட் தசம எண்ணாகவும் வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு பைட் எண்ணை எட்டு பைட் எண்ணாக மாற்றிக்கொண்டு, தொடக்க நேரத்தோடு வரிசை எண் பெருக்கல் இடைவெளியைக் கூட்ட வேண்டும். அவ்வாறு செய்யாமல் முந்தைய மாதிரியின் நேரத்தோடு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால், அதிலும் நான்கு பைட் எண்களில் கூட்டினால், பிழை விபரீதமாகும்: 0.01 விநாடிக்கு அருகில், நான்கு பைட்டில் எழுதக்கூடிய அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரமே 0.93 நானோ விநாடி. அங்கே ஒரு நானோ விநாடியைக் கூட்டச் சொன்னால் 0.93-தான் கூடும். சரியாகப் பெருக்கினாலும், இடைவெளி எண்ணின் துல்லிய எல்லையால் 1 கோடியாவது மாதிரியில் அரை மாதிரிக்குச் சற்று மேற்பட்ட விலகல் வர இடமுண்டு. ஒரே கருவியின் சேனல்களுக்குள் அது எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பதால் ஆற்றல் கணக்கைப் பாதிக்காது. வேறொரு கருவியின் பதிவோடு பொருத்திப் பார்க்கும்போது பாதிக்கும்.

டிஆர்சியில் சேனலுக்கு ஒரு கோப்பு என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். ஒவ்வொரு சேனலின் தொடக்க நேரத்தையும் அந்தந்தக் கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். முதல் கோப்பின் நேரத்தை எடுத்து எல்லாச் சேனல்களுக்கும் போட்டுவிடும் செருகுநிரல், மேலே சொன்ன 40 மைக்ரோ ஜூலை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது. அந்த நேரம் மாதிரி இடைவெளியைவிட நுண்ணிய அளவில் எழுதப்பட்டிருப்பது காரணத்தோடுதான். டெக்ட்ரானிக்ஸின் டபிள்யூஎஃப்எம் கோப்பில் இதற்கு இணையான ஓர் ஆபத்து இருக்கிறது. பயனருக்கு உரிய மாதிரிகளுக்கு முன்னும் பின்னும், இடைச்செருகல் கணக்குகளுக்காகச் சில கூடுதல் மாதிரிகளைக் கருவி எழுதி வைக்கிறது. பயனரின் தரவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தலைப்பகுதி தெளிவாகச் சொல்கிறது. அதைப் பார்க்காமல் தொகுதி முழுவதையும் வாசித்தால், அலைவடிவம் பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். சில மாதிரிகள் அளவுக்கு நேரம் தள்ளிப்போயிருக்கும்.

இவற்றையெல்லாம் பகுப்பாய்வு மென்பொருளுக்குள் கொண்டுபோகும் இடத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்தில் பயன்படுவது நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டயடெம். 2023 முதல் அந்த நிறுவனம் எமர்சனுக்கு உரியது. டயடெம் ஒவ்வொரு அன்னியக் கோப்பு வடிவத்துக்கும் டேட்டாப்ளக்இன் என்ற ஒரு செருகுநிரலைக் கேட்கிறது. பலருடைய கருவிகளுக்கு ஆயத்தமான செருகுநிரல்கள் கிடைக்கின்றன. யுஆர்ஐ என்று முடியும் சிறு கோப்பை இருமுறை சொடுக்கினால் நிறுவிவிடலாம். கிடைக்காதவற்றுக்கு நாமே விபிஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதலாம், பின்னர் வந்த பதிப்புகளில் பைத்தானிலும் எழுதலாம். விபிஸ்கிரிப்ட்டில் 'ரீட்ஸ்டோர்' என்ற ஒரே ஒரு செயற்கூறுதான் நுழைவாயில். கோப்பு அதனிடம் தரப்படும். அதன் வேலை, கோப்பைக் கோப்பு, குழு, சேனல் என்ற மூன்று அடுக்காக மென்பொருளுக்கு அறிமுகம் செய்வது.

அறிமுகம் என்ற சொல்லை நான் தெரிந்தே எழுதுகிறேன். நல்ல செருகுநிரல் 1 கோடி எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்து வோல்ட்டாக மாற்றி நகலெடுப்பதில்லை. 'இந்தக் கோப்பில் இத்தனையாவது பைட்டில் ஒரு தொகுதி தொடங்குகிறது, அதில் இத்தனை மாதிரிகள், ஒவ்வொன்றும் குறியுள்ள இரண்டு பைட் எண், சிறிய பைட் முதலில், இதன் பெருக்கக் காரணி இது, விலக்கம் இது' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, அதுவும் தேவைப்படும் பகுதியை மட்டும். நேரத்துக்கும் தனிச் சேனல் கிடையாது. தொடக்கம், இடைவெளி என்ற இரண்டு பண்புகளைச் சேனலின் மேல் எழுதினால் அது அலைவடிவச் சேனலாகிவிடும். சிஎஸ்வியில் நாம் இழந்த நேரத் துல்லியம் இந்த இரண்டு எண்களில் முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது. டயடெம் விலக்கத்தைக் கூட்டும், லெக்ராய் கழிக்கச் சொல்கிறது, ஆகவே குறியை மாற்றித் தர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தலைப்பகுதியில் இருந்த மற்ற செய்திகளையும் பண்புகளாக எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் அலைவடிவம் வந்தால் போதும் என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். டயடெமின் தேடல் பகுதியான டேட்டாஃபைண்டர், செருகுநிரலின் வழியாகவே கோப்புகளை வாசித்து அட்டவணை தயாரிக்கிறது. பண்பாக எழுதப்பட்டது எதுவோ அதை மட்டுமே தேட முடியும். கருவியின் பெயர், ட்ரிகர் நேரம், செங்குத்துப் பெருக்கம், மாதிரி இடைவெளி ஆகியவை பண்புகளாக இருந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட அலைக்காட்டி அளவுத்திருத்தத்தில் தவறியது என்று தெரியவரும்போது, அந்தக் கருவியில் எடுத்த பதிவுகள் அனைத்தையும் ஒரே தேடலில் வெளியே எடுத்துவிடலாம். 'புதியது_2_இறுதி' என்பது போன்ற கோப்புப் பெயர்களை நம்பித் தேட வேண்டியதில்லை.

செருகுநிரலைச் சோதிக்க விலையுயர்ந்த சைகை மூலம் எதுவும் தேவையில்லை. அநேகமாக எல்லா அலைக்காட்டிகளிலும் ப்ரோபைச் சரிசெய்வதற்கென்று முகப்பில் ஒரு சதுர அலை வெளியீடு இருக்கிறது. பெரும்பாலும் ஒரு கிலோஹெர்ட்ஸ். அதை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே அமைப்புகளைக் கலைக்க வேண்டும். விலக்கத்தைப் பூஜ்யமல்லாத மதிப்பில் வைத்து ஒரு பதிவு. ட்ரிகரைத் திரைக்கு வெளியே தள்ளி ஒரு பதிவு. இரண்டு சேனல்களை வெவ்வேறு வோல்ட் அளவில் வைத்து, ஒன்றுக்கு ஒரு பைட், மற்றொன்றுக்கு இரண்டு பைட். சைகையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் ப்ரோபுடன் ஒரு பதிவு, அது இல்லாமல் ஒரு பதிவு. ப்ரோபின் பெருக்கம் கோப்பின் செங்குத்துப் பெருக்கத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பது தெரிந்த சைகையை அளக்கும்போதுதான் உறுதியாகும். ஒவ்வொரு பதிவிலும் திரையில் கர்சர் காட்டும் மேல்மட்டம், கீழ்மட்டம், ஓர் ஏறுமுனையின் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, செருகுநிரல் வழியாக வந்த சேனலில் அதே மூன்றையும் படிக்க வேண்டும். மேல்மட்டமும் கீழ்மட்டமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் விலக்கத்தில் பிழை. இரண்டின் வித்தியாசம் மாறியிருந்தால் பெருக்கத்தில் பிழை. ஏறுமுனையின் நேரம் மட்டும் மாறியிருந்தால் தொடக்க நேரத்தில் பிழை. எல்லாமே குப்பையாக வந்தால் பைட் வரிசையைப் பார்க்க வேண்டும்.

தனக்குத் தெரியாத கோப்பு வந்தால் செருகுநிரல் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் சக பொறியாளர்கள் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. முடிந்தவரை வாசித்துக் காட்டட்டும் என்பது அவர்கள் கட்சி. என் கட்சி வேறு. டிஆர்சி தலைப்பகுதியில் அதன் அமைப்பைக் குறிக்கும் வார்ப்புருவின் பெயர் இருக்கிறது, டபிள்யூஎஃப்எம் கோப்பில் பதிப்பு எண் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெயரோ எண்ணோ இல்லையென்றால் 'ரெய்ஸ்எரர்' என்ற கட்டளையால் உடனே நிறுத்திவிடுகிறேன். கருவியின் உள்நிரலைப் புதுப்பித்த மறுநாள் கோப்பு திறக்க மறுத்தால் அரை நாள் வேலை கெடும். அதுவே தவறான இடத்திலிருந்து வாசித்த எண்களோடு திறந்துவிட்டால், அந்த எண்கள் அறிக்கைக்குள் போய்விடும். திறக்கும் கோப்புகளிலும் செருகுநிரலின் பதிப்பு எண்ணை ஒரு பண்பாக எழுதி வைக்கிறேன். விடைகளை நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சொந்த வடிவமான டிடிஎம்எஸ் கோப்பாகச் சேமிக்கும்போது அந்த எண்ணும் கூடவே போகிறது. பிறகு செருகுநிரலில் ஒரு திருத்தம் செய்ய நேர்ந்தால், அதற்கு முந்தைய பதிப்பால் வாசிக்கப்பட்ட முடிவுகள் எவை என்று தேடி எடுத்து, தொடாமல் வைத்திருக்கும் மூலக் கோப்புகளிலிருந்து மீண்டும் கணக்கிட்டுக்கொள்ள முடிகிறது.